இரவல் போன அஞ்சலாட்சி

உங்களுக்குரிய ஒருவரை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் உங்களிடம் இருந்ததைவிட அங்கே மேலாக விளங்குகிறார் என்று கேள்விப்பட்ட அந்தக் கணத்தில், உங்கள் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சிதானா? அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். பெரியநாயகியும் ஆமாம் என்றுதான் பல வாரங்களாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை, பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு நடக்கும் அறையில் கண்காணிப்பாளராக, பிள்ளைகளின் பேனாக்கள் தாளை உரசும் ஓசைக்கு நடுவே, பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாமல் நிற்க நேர்ந்தபோதுதான் அந்த ஆமாம் அவளுக்குள் விரிசல் விடத் தொடங்கியது. கடலூரில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை அவள். மாலை வேளைகளில் கெடிலம் மகளிர் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர். தேர்வுப் பணிக்கென்று ஊர் தாண்டி இந்தப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவுடன் கைப்பேசியை முதன்மைக் கண்காணிப்பாளரின் அறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைக் கொடுத்தபோது கையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. வராந்தாவில் பத்தடி நடப்பதற்குள் அந்தப் பாரம் திரும்ப வந்து ஏறிக்கொண்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. முன்வரிசைப் பெண் வினாத்தாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். இன்று மாலை ஐந்து மணிக்குள். ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். அதுவரைகூட இல்லை, தேர்வு முடிந்து வாசலுக்குப் போகும்போது கழகத் தலைவர் வண்டியோடு நிற்பார், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். கூப்பிடுவதா, விடுவதா. ஒரே ஒரு சொல். ஒரு பெண்ணை ஓரிடத்திலிருந்து பிடுங்கி இன்னோரிடத்தில் நடும் சொல், அல்லது ஓர் அணியை மொத்தமாகக் கீழே இறக்கும் சொல். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவரவர் தாளைப் பாருங்கள், என்று அவள் அறைக்குச் சொன்னாள். குரல் தேவைக்கு மேல் கடுமையாக வந்தது. ஒரு பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். உன்னைச் சொல்லவில்லை, அம்மா. என்னைத்தான் சொல்லிக்கொண்டேன்.

காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதே தலைவர் திருவேங்கடம் கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டார். துறைமுகத்துப் பக்கம் வலையும் கயிறும் விற்கும் கடைக்காரர். கழகத்துக்கு வண்டி வாடகையும், பிள்ளைகளுக்கு மாலையில் முட்டையும் வாழைப்பழமும் அவர் பிடித்துக்கொடுத்த நிறுவனத்தின் புண்ணியம். அணி முதல் பிரிவில் இருக்கும் வரைக்கும்தான் அந்தப் புண்ணியம். வரும் ஞாயிற்றுக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். சமன் செய்தால்கூடத் தப்பிவிடலாம். எதிரணி சென்னையின் நீலக்கடல் கழகம். "டீச்சர், நாம சுமித்ராவ அவங்ககிட்டருந்து லோன்ல வாங்குனோம், அதனால அந்தப் பொண்ணு அவங்களுக்கு எதிரா ஆட முடியாது. சரி, விதின்னு விட்டுட்டன். ஆனா நாம லோன்ல குடுத்த அஞ்சலாட்சி நமக்கு எதிராவே எறங்கப் போறா. இது எந்த ஊரு நியாயம்?" லோன் என்றால் கால்பந்தில் இதுதான்: உரிமை ஒரு கழகத்திடம், உழைப்பு இன்னொரு கழகத்துக்கு, பருவம் முடியும் வரை. ஆளுக்கு ஆளாக மாற்றிக்கொண்ட ஏற்பாடு இது. சுமித்ரா இங்கே, அஞ்சலாட்சி அங்கே. "திரும்பக் கூப்புடுற உரிமை இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நமக்கு இருக்குது, டீச்சர். கால்பந்து சங்கத்துல பயிற்சியாளர் வாயால கேக்கணும்ங்கறாங்க. நீங்க ஆமான்னா போதும். நம்ம பொருள நாம எடுத்துக்கறதுல என்னா கூச்சம்?" பொருளா, ஐயா, என்றாள். "சரி, பொண்ணு. வார்த்தையப் புடிச்சிக்காதீங்க. அவ வந்தா நாம தப்பிக்கறோம். வரலன்னா அவ காலாலயே நாம அடிவாங்கறோம். என் கடையில ஒருத்தன் வலைய இரவல் வாங்கிட்டுப் போயி, அந்த வலையாலயே என் படகு மீன மடக்குனா நான் பாத்துக்கினு இருப்பனா?" பேருந்து வந்துவிட்டது, ஐயா, என்று துண்டித்தாள். பேருந்து வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அவர் சொன்னதில் பிழை என்று எதைக் காட்டுவது? அவர் கெட்டவர் அல்லர். போன மழையில் பிள்ளைகள் மைதானத்தில் தேங்கிய தண்ணீரைக் குவளையால் இறைத்தபோது வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூட நின்று இறைத்தவர். இத்தனை பேரின் முட்டைக்காக ஒருத்தியின் ஒரு மாதம் போனால் என்ன என்று கணக்குப் பார்ப்பவரிடம் அந்த ஒருத்தியின் முகத்தை எப்படிக் காட்டுவது? அடுத்த மாதம் தேசிய அளவில் நடக்கும் கழகப் போட்டிக்கு நீலக்கடல் தேர்ந்தெடுத்திருக்கும் அணியில் அஞ்சலாட்சி இருக்கிறாள். இன்று கூப்பிட்டால் அந்த இடம் போகும். வேறு எவளாவது அங்கே நிற்பாள். கெடிலம் தப்பிக்கும், அஞ்சலாட்சி தேங்கிவிடுவாள். அதுவும் தப்பிக்கும் என்பது என்ன உறுதி? மின்விசிறி முனகியது. கூடுதல் தாள், மிஸ், என்று ஒரு கை உயர்ந்தது. இவ்வளவு சீக்கிரமா? எழுதுகிறாள், எழுதட்டும். எழுதத் தெரிந்தவளுக்குத் தாள் கொடுப்பதுதானே நம் வேலை.

கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, இரவல் வாங்கியதால் என்ன கெட்டுவிட்டது, ஏன் இந்தக் குற்ற உணர்வு என்று அவளுக்குள் ஒரு குரல் வாதாடியது. நியாயமான குரல்தான் அது. சுமித்ரா டோப்போ ஜார்க்கண்டிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து கடலூருக்கு வந்த நாளிலிருந்து அணி நிமிர்ந்தது பொய்யா? பந்தை முதுகால் மறைத்து நிற்க அவளைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றார்கள். பந்து வருமுன்னே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடும் அவளது பழக்கம் இப்போது எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டது. எங்களைப் போன்ற சிறிய கழகம் அப்படி ஒருத்தியை வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் வேண்டும். இரவல் அதை ஒரே பருவத்தில் வாசலுக்குக் கொண்டுவந்தது. மோர்சோற்றில் பச்சை மிளகாயைக் கிள்ளிப்போட்டுக்கொண்டு, பாஷை தெரியாமல், எல்லோருடைய சிரிப்புக்கும் அவளும் சிரித்தாள். ஆனால் வந்த நாளிலிருந்து, தங்கவைத்த அறையில் அவள் தன் பையைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்தே துணி எடுத்தாள், துவைத்து உலர்த்தியதை அந்தப் பைக்கே திருப்பினாள். அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்து, இதில் வை, சுமித்ரா, என்று சொன்னபோது, "எதுக்கு அக்கா, போகப்போறதுதானே" என்றாள். தமிழில் அவள் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. அன்று அதைக் கேட்டுப் பாராட்டினாயே, பெரியநாயகி, தமிழ் வந்துவிட்டது என்று கைதட்டினாயே. அந்த வாக்கியத்தின் பொருள் அன்று உன் காதில் விழவில்லை. விழுந்தது. விழுந்ததால்தான் அத்தனை உரக்கக் கைதட்டினாய். இன்னொருத்தி இருக்கிறாள், பவதாரணி. சிங்காரத்தோப்பிலிருந்து மிதிவண்டியில் வருபவள். சுமித்ராவின் இடத்துக்குரிய எங்கள் சொந்தப் பெண். பருவம் முழுவதும் கோட்டுக்கு வெளியே கால்களைச் சூடாக்கிக்கொண்டே இருந்து, சூடாக்கிய கால்களோடு வீட்டுக்குப் போனவள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் சுமித்ராவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பவதாரணியை முன்னே விட்டுப் பார்த்தேன். பந்தோடு ஓடினாள், ஒருத்தியைத் தாண்டினாள், கோல்காப்பாளர் மட்டுமே எதிரில். அடிக்கவில்லை. நின்றாள். யாரிடம் கொடுப்பது என்று திரும்பிப் பார்த்தாள். கொடுக்க ஒருவரும் இல்லை. கோட்டுக்கு வெளியே சுமித்ரா எழுந்து நின்று "அடி! அடி! அடி!" என்று கத்தினாள். அதற்குள் பந்து போய்விட்டது. ஒரு முழுப் பருவத்தில் இந்தப் பெண்ணுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது இதுதான்: நல்ல இடத்துக்கு வந்ததும் உன்னைவிடச் சிறந்தவளைத் தேடு.

ஒரு முறை மணி ஒலித்தது; முதல் மணி நேரம் முடிந்ததன் அடையாளம். யாரோ வெளியே வாளியை இழுத்துச் சென்றார்கள். இந்த ஓசையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கதவுக்கு வா. அந்தக் கதவை விட்டு இன்னும் எத்தனை நாள் ஓடுவாய்? சென்னையில் நீலக்கடல் அலுவலகம், குளிர்ச்சாதனம் ஓடுவதால் சாத்திய கதவு, முழுக்கச் சாத்தாமல் ஒரு விரற்கடை திறந்திருந்த கதவு. வெளியே நாற்காலியில் அஞ்சலாட்சி, மடியில் அவளுடைய காலணிப் பை. உள்ளே அவர்களுடைய மேலாளர், கண்ணியமான மனிதர், ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "எங்க சுமித்ரா எங்களுக்கு எதிரா ஆடக்கூடாதுன்னு ஒரு நிபந்தன போட்டிருக்கோம், மேடம். அதே மாதிரி உங்க பொண்ணும் உங்களுக்கு எதிரா ஆடக்கூடாதுன்னு சேத்துடலாமா?" எவ்வளவு நேர்மையான கேள்வி. பெரிய கழகம் சிறிய கழகத்துக்குத் தானாக நீட்டிய பாதுகாப்பு. நான் என்ன சொன்னேன்? சிரித்தேன். சிரித்துவிட்டு, தேவையில்ல சார், என்றேன். அதோடு விட்டேனா? அவ எங்க சார் ஆடப் போறா, உங்க பெஞ்சுல உக்காந்து பாத்தாலே போதும், என்றேன். ஏன் சொன்னேன்? பணிவு காட்டவா? எங்கள் பொருள் உங்கள் பொருளுக்கு ஈடாகாது என்று குழைந்து நின்றால் சுமித்ராவைத் தர மறுக்கமாட்டார்கள் என்ற பயமா? இல்லை. இல்லை, பெரியநாயகி, தேர்வு அறையிலாவது உண்மை பேசு. கணுக்கால் வீங்கி அந்தப் பெண் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்த பிறகும் ஓட்டம் பழைய வேகத்துக்கு வரவில்லை. உன் நம்பிக்கை வடிந்துவிட்டது, அவ்வளவுதான். நிபந்தனை எழுதாமல் போனதற்குக் காரணம் மறதி அல்ல, ஏமாளித்தனம் அல்ல. அவள் ஒருநாள் நமக்கு எதிராக நிற்கும் அளவுக்கு வளர்வாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்தபோது அவள் காலணிப் பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டாளா? குளிர்ச்சாதனம் இரைந்துகொண்டிருந்தது, கேட்டிருக்காது. விரற்கடை திறந்த கதவு, கேட்டிருக்கும். கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அஞ்சலாட்சி எப்போது அழுதிருக்கிறாள்? கணுக்கால் திரும்பியபோதே அழாதவள். கேட்டாளா? பேருந்தில் வரும்போது, குளிக்கும்போது, வகுப்பில் வரிசை எண்ணும்போது, இந்த ஒரு கேள்வி முள்ளில் சிக்கிய நூலைப்போல இழுக்க இழுக்க இறுகுகிறது. அன்று விடைபெறும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு வேடிக்கையும் பேசினேன்: பெஞ்சுல உக்காந்தாலும் பெரிய பெஞ்சுடி, போய் உக்காரு. அவள் சிரிக்கவில்லை. "வரன், மிஸ்" என்றாள். போறன் என்று சொல்லக்கூடாது என்பதால் வரன் என்றாள். அவ்வளவுதான்.

"மிஸ்." இரண்டாம் வரிசை ஓரத்துப் பெண். கவராயத்தைக் காட்டினாள்; பென்சிலைப் பிடிக்கும் திருகு கழன்று எங்கோ உருண்டுவிட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைக்குப் பிள்ளை எதையும் கைமாற்றக் கூடாது என்பது விதி. பெரியநாயகி சுற்றிலும் பார்த்தாள். அடுத்த வரிசையில் ரிப்பன் அவிழ்ந்த சடையோடு ஒரு பெண் இயற்கணிதத்தில் மூழ்கியிருந்தாள். அவள் பெட்டியில் கவராயம் சும்மா கிடந்தது. உன்னோடதக் கொஞ்சம் குடும்மா, என்று தானே வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். விதியும் கெடவில்லை, பிள்ளையும் கெடவில்லை என்று நிமிர்ந்தாள். சிறிது நேரம் சென்றது. ரிப்பன்காரி இயற்கணிதத்தை முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், நிமிர்ந்தாள். கேட்கவில்லை. தன்னுடையதைக் கேட்க ஏன் இத்தனை தயக்கம் இந்த உலகத்தில் நல்ல பிள்ளைகளுக்கு? பெரியநாயகி வாங்கிவரப் போனாள். கையை நீட்டியும்விட்டாள். அப்போதுதான் தாளைப் பார்த்தாள். வாங்கியவள் ஒரு கோட்டின் ஒரு முனையிலிருந்து வில் வரைந்திருந்தாள். அதே அகலத்தில் மறுமுனையிலிருந்து இன்னொரு வில் வரைய வேண்டும். இடையில் கவராயம் கைமாறினால் அகலம் மாறிவிடும். மாறினால் இரண்டு வில்களும் உரிய இடத்தில் வெட்டாது. முதலிலிருந்து வரைய நேரமும் இராது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கவராயம் யாருடையது என்பதில் ஐயமே இல்லை. உடையவளுக்கு அது தேவை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வில் பாதியில் இருக்கிறது. நீதி எங்கே இருக்கிறது, சொல், கடலூர்க்காரி? உடைமையிலா, பாதி வில்லிலா? பிறகு அவள் செய்தது மிகவும் எளியது; இன்று வரை எந்த ஒப்பந்தத்திலும் அவளுக்குச் செய்யத் தோன்றாதது. ரிப்பன்காரியிடம் போய்க் குனிந்து கேட்டாள். உனக்கு இப்பவே வேணுமாம்மா, அவ பாதியில இருக்குறா. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அவ முடிச்சிடட்டும், மிஸ். நான் அதுக்குள்ள கிராஃப் போட்டுட்றன்." கிராஃப். இப்படி ஒரு வழி இருந்தது பெரியநாயகிக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. அது அந்தப் பெண்ணின் தாளில், அவள் திட்டத்தில், அவள் மனத்தில் இருந்த வழி. கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கும் வழி.

அவள் மேசைக்குத் திரும்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அஞ்சலாட்சியைக் கேட்பதா? கேட்டால் என்ன சொல்வாள்? வரமாட்டேன் என்றால், அணி இறங்கிப்போனதற்கு அவளைக் காரணமாக்கிவிட்டு நான் கைகழுவுகிறேனா? வருகிறேன் என்றால், அது விருப்பமா, பழைய பயிற்சியாளரின் குரலுக்குப் பழகிய கீழ்ப்படிதலா? கேட்பதும் ஒரு தந்திரம்தானோ. தேர்வுத் துறையின் பறக்கும் படை வந்தால் நான் இப்படி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்ன நினைப்பார்கள். நட. நடந்துகொண்டே யோசி. ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு முன்னே வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. இடப்புறத்தில் அவள், நீல உடையில். எங்கள் வலப்புறத் தடுப்பாட்டக்காரி கோமதி இடதுகாலில் பந்து வாங்கினால் தடுமாறுவாள் என்று அறிந்தவள். கோல்காப்பாளருக்குத் தாழ்ந்த பந்தில் பயம் என்று அறிந்தவள். எங்கள் வீட்டு மூலை முடுக்கெல்லாம் அறிந்தவள். ஓரத்திலிருந்து பந்தோடு சட்டென்று திரும்பி உள்ளே வெட்டுவாள், வலதுகாலால் அடிப்பாள். அந்தக் கோல், ஆம், அந்தக் கோலுக்கும் வா. இரண்டு மாதம் முன்பு ஒரு மாலை, கைப்பேசியில் யாரோ அனுப்பிய சிறு காணொளி. இடப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி, வலதுகாலால், தூரத்துக் கம்பத்தை ஒட்டி. பிள்ளைகள் சுற்றி நின்று அஞ்சலாட்சி, நம்ம அஞ்சலாட்சி என்று குதித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்குமுன் ஒரு கண்ணிமை நேரம், ஒரே ஒரு கண்ணிமை நேரம், என்ன நினைத்தேன்? இதை ஏன் என்னிடம் செய்யவில்லை என்று நினைத்தேன். அடிபட்ட காலில் இத்தனை நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று, அவள் என்னிடமிருந்து திருடியதுபோல நினைத்தேன். முதலில் வந்தது அதுதான். மகிழ்ச்சி அதற்குப் பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு வரும் விருந்தாளிபோல வந்தது. அங்கே யாரோ அவளை நம்பியிருக்கிறார்கள். வேறொன்றும் புதிதாகச் செய்திருக்க மாட்டார்கள். உள்ளே வெட்டு, தவறினால் பரவாயில்லை, மறுபடி வெட்டு என்று சொல்லியிருப்பார்கள். இரவல் கொடுப்பதன் நன்மை இதுதான் என்று கூட்டங்களில் மேடை போட்டுப் பேசியவள் நான்: பிள்ளைக்கு ஆட்டம் கிடைக்கும், புதிய கண்கள் அவளைப் பார்க்கும், வளர்ந்து திரும்புவாள். எல்லாம் உண்மை. வளர்ந்து திரும்புவாள் என்றபோது, திரும்புவாள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். வளர்ந்தவள் எங்கே நிற்பாள் என்று அவளிடம் கேட்க வேண்டியிருக்கும் என்பதை விட்டுவிட்டேன். கொடுப்பவன் கொடுத்த பின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். நான் கையை அவள் தலைமேல் வைத்தபடியே அனுப்பியிருக்கிறேன். தோற்றால் முட்டை போகும், வண்டி போகும், கோமதியின் அப்பா பெண்ணை அனுப்பமாட்டேன் என்பார். இது பயம், பயம் பொய்யல்ல. ஆனால் பயத்தின் பெயரால் ஒருத்தியைப் பாதி வில்லில் பிடுங்கினால், நாளை கோமதியை இதே பயத்தின் பெயரால் விற்பேன். பெரியநாயகி, மனமே, மற்றவர்களைத் திருத்தியது போதும். வாசலில் நிற்பவருக்குச் சொல்லும் சொல்லை, முதலில் அஞ்சலாட்சிக்குச் சொல்லிக் காட்டு. அவள் கேட்கக் கூசும் சொல்லாக இருந்தால் அதை யாருக்கும் சொல்லாதே.

கடைசி மணி அடித்தது. எழுதுவதை நிறுத்துங்கள். தாள்களை அடுக்கி, எண் சரிபார்த்து, ஒப்படைத்து, கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டுக்கு அப்பால் திருவேங்கடம், வண்டிமேல் சாய்ந்தபடி, தோளில் துண்டு. அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். ஒரு நிமிஷம், ஐயா, என்று சைகை காட்டிவிட்டு அவள் வேப்பமர நிழலுக்கு ஒதுங்கினாள். அஞ்சலாட்சியின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பருவம் முழுவதும் அந்த எண்ணுக்கு ஒருமுறைகூட அழைத்ததில்லை என்பது அழுத்தும்போதுதான் தெரிந்தது.

"மிஸ்?" பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு, பந்து சுவரில் மோதும் ஓசை. "என்னா மிஸ், அதிசயமா இருக்குது. பெரிய பெஞ்சு எப்பிடி இருக்குதுன்னு கேக்கவா?"

பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சலாட்சி, ஞாயித்துக்கிழம ஆட்டத்துக்கு உன்னத் திரும்பக் கூப்புட எங்களுக்கு உரிம இருக்குது. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்."

"தெரியும். இங்க நேத்தே சொன்னாங்க. பையக் கட்டி வெச்சிட்டன், மிஸ். எழுத்துல இருக்குதே, வராம இருக்க முடியுமா?"

"எழுத்த விடு. உனக்கு என்னா வேணும்?"

மறுமுனையில் பந்து மோதும் ஓசை மெல்ல விலகிப் போனது. அவள் எங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும். வாசலில் திருவேங்கடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நெசமாத்தான் கேக்குறீங்களா?"

"நெசமாத்தான்."

"எனக்கு உங்களுக்கு எதிரா ஆடணும், மிஸ்." சொல்லிவிட்டு ஒரு மூச்சு வாங்கினாள். "ஆடி ஜெயிக்கணும். கோவத்துல சொல்லல. அன்னிக்கு ரூமுக்குள்ள தேவையில்ல சார்னு சொன்னீங்க பாருங்க, அதுவே நல்லதாப் போச்சு. அந்த நிபந்தனய எழுதியிருந்தீங்கன்னா ஞாயித்துக்கிழம நான் வெளிய உக்காந்து வேடிக்க பாக்கணும்."

கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பெரியநாயகி வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். இத்தனை நாள் இறுகிய நூல் ஒரே வெட்டில் அறுந்தது. அறுந்த இடம் எரிந்தது. "அது தப்பு, அஞ்சலாட்சி. நான் அப்பிடிச் சொன்னது தப்பு" என்றாள். "நான் உன்னக் கூப்புடல. பைய அவுத்து வை. தலைவர் வெளியதான் நிக்கிறாரு, இப்பப் போயிச் சொல்லிட்றன். ஞாயித்துக்கிழம எங்கமேல எரக்கம் காட்டாத. முழுசா ஆடு."

"கோமதிகிட்ட இடது பக்கமாத்தான் வருவன், சொல்லி வைங்க." சிரிப்பா, தேம்பலா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஓசை. பிறகு அவள் குரல் சட்டென்று மாறியது. "மிஸ், அப்ப சுமித்ரா எடத்துல யாரு எறங்குறா?"

"பவதாரணிதான்."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சனிக்கிழம பயிற்சி முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"வேணாம், மிஸ். வேணாம்." அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள், மூச்சு இரைக்க, இந்தப் பேச்சில் முதன்முறையாகக் கெஞ்சும் குரலில். "சனிக்கிழம சொன்னீங்கன்னா, எல்லாரையும் கூப்புட்டுப் பாத்து யாரும் கெடைக்காம கடைசியா என்னப் போட்டாங்கன்னுதான் அவ எறங்குவா. அந்த நெனப்போட எறங்குனா அவளால அடிக்க முடியாது, மிஸ், எனக்குத் தெரியும். தலைவர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம், அவர் நிப்பாரு. இப்ப வெச்சிட்டு நேரா அவளுக்குப் போன் போடுங்க. நீதான்னு சொல்லுங்க, உன்னாலதான்னு சொல்லுங்க. நாளைக்கு இல்ல, சாயந்தரம் இல்ல, மிஸ். இன்னிக்கு. இப்பவே போடுங்க."